கப்பலில் முதல் நாள்

பினாங்கு ஸ்வெட்டன்ஹாம் துறையைப் பார்த்திருப்பீர்கள். விக்டோரியா மகாராணி ஆண்ட 60 ஆண்டுக்கு, ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயர்த்திய மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து கப்பல் ஏறியிருக்கிறீர்களா? பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்த புண்ணியத்தில், சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் ஏறினோம். பூக்கெட் போய்த் திரும்பும் 3 நாள் உல்லாசப் பயணம். முதல் நாளை மட்டும் சொல்கிறேன். மற்ற இரண்டு நாளும் சாப்பாடும் தூக்கமும்தான்!

நீங்களும் போவதானால் காலையிலேயே பட்டணத்துக்கு வந்துவிடுங்கள். லெபோ குயினில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, பக்கத்திலேயே வாழையிலைச் சாப்பாடு, பிறகு நடந்தே துறைக்குப் போகலாம். பெட்டியை அங்கே வாங்கிக்கொள்வார்கள்; அது அறைக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே கடப்பிதழோடு மருந்து மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும். இரத்த அழுத்த மாத்திரையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டு, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

புறப்படுமுன் சங்கு ஊதி ஆபத்துக்கால ஒத்திகை நடத்துகிறார்கள். சலித்துக்கொள்ளாமல் போங்கள். 2012-இல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கோன்கோர்டியா கப்பல் சாய்ந்து 32 பேர் மாண்டபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் விதி இறுகியது.

இத்தனைக்கும் நடுவே என் மனைவி அதிகம் பேசவில்லை. அவளுக்கு இந்தப் பயணத்தில் இஷ்டமே இல்லை. கெடா தோட்டத்தில் பிறந்தவள். அவர்கள் வீட்டில் கப்பல் என்றாலே பிரிவு என்றுதான் அர்த்தம்.

1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் ஆயிரமாயிரமாக ஊர் திரும்பினார்கள். மறு ஆண்டு அவளுடைய அப்பாயியும் சித்தப்பாவும் 'ராஜுலா' கப்பலில் போனார்கள். 1926-இல் கட்டிய கப்பல் அது. பினாங்கை விட்டால் அடுத்த கரை நாகப்பட்டினம்தான். 1973-இல் ராஜுலா ஓய்ந்து, 'சிதம்பரம்' கப்பல் வந்து, அதுவும் 1985-இல் தீப்பிடித்ததோடு நின்றுபோனது. அப்பாயியின் கடிதங்கள் அதற்கு வெகுமுன்பே நின்றுவிட்டன.

அன்று துறையில் நின்ற என் மனைவிக்கு வயது ஏழு. கை வலிக்க வலிக்க ஆட்டிக்கொண்டே நின்றாளாம். "இனிமே அவங்களுக்குத் தெரியாது, வா" என்று மாமா இழுத்துக்கொண்டு போனாராம்.

மாலையில் எங்கள் கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் பாட்டும் கூத்தும்; ஆளாளுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் பின்பக்கக் கம்பியைப் பிடித்தபடி துறையையே பார்த்திருந்தாள். கயிறு அவிழ்த்த தொழிலாளி ஒருவர், மஞ்சள் சட்டைக்காரர், அங்கே நின்றிருந்தார்.

"என்னங்க, மணி பார்த்துக்குங்க" என்றாள்.

பார்த்தேன். கப்பல் வடக்கே திரும்பியது. கோட்டை விலகியது, பட்டர்வொர்த் பக்கம் விளக்குகள் ஏறின. முகம் தெரியாமல் போனது. பிறகு கை கால் தெரியாமல் போனது. மஞ்சள் புள்ளி மட்டும் நின்றது.

"இப்போ போயிடுச்சு. எவ்வளவு நேரம்?"

"பதினொரு நிமிஷம்."

"அன்னிக்கு நானும் மஞ்சள் கவுன்தான் போட்டிருந்தேன்" என்றாள். "மாமா சொன்னது தப்பு. அப்பாயி பார்த்திருக்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கர்னி கடற்கரை விளக்குகள் தெரியும்வரை நின்றுவிட்டு, அவளே "பசிக்குது, வாங்க" என்றாள். வழியில் அறையை எட்டிப் பார்த்தோம். பெட்டி வாசலில் வந்து நின்றது. முதலில் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.