அண்ணாச்சியின் மினிமைஸ் பட்டன்

குற்றாலம் பேரருவியில் குளித்தவர்கள் ஒரு விஷயத்தை யோசித்திருக்க மாட்டார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் நேராகத் தலையில் விழுந்தால், துவட்டுவதற்குத் தலை இருக்காது. அப்படி ஆகாமல் காப்பாற்றுவது பாதி வழியில் இருக்கிற பொங்குமாகடல். பாறையில் ஆழமான ஒரு பள்ளம். மேலிருந்து ஆத்திரமாக வருகிற தண்ணீர் அதில் விழுந்து, பொங்கி, கோபம் தணிந்து, அப்புறம்தான் நம்மிடம் வருகிறது. தண்ணீர் அதேதான், வருகிற விதம்தான் வேறே.

கம்ப்யூட்டரில் இந்தப் பொங்குமாகடல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2013-ல் தென்காசியில், நான் அப்போது வேலை பார்த்த ஆபீஸில் பார்த்தேன். அங்கே எல்லா மெஷினிலும் லினக்ஸ். சுதந்திர மென்பொருள் மீது பக்தி என்று நினைக்காதீர்கள். இலவசம் என்பதுதான் நிர்வாகத்தின் ஒரே கொள்கை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டெபியன் 6 இருந்தது. திங்கட்கிழமை காலையில் டெபியன் 7 இருந்தது.

லினக்ஸுக்கு உடம்பு வேறு, முகம் வேறு. எங்கள் மெஷின்களுக்கு முகம் 'க்னோம்'. இந்த மாற்றத்தில் க்னோம் 2 போய் க்னோம் 3 வந்துவிட்டது.

எங்கள் ஹெட்கிளார்க்கை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ரிடையராக இரண்டு வருஷம் பாக்கி. ஐம்பது வயதுக்கு மேல் மௌஸைத் தொட்டவர். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அவர் கைக்குத் தெரியும். மேலே இடது பக்கம் மெனு. கீழே ஒரு பட்டை, திறந்திருக்கிற ஃபைலெல்லாம் அதில் வரிசையாக. எதிரே நிற்கிற ஆளிடம் பேசிக்கொண்டே ஒன்றை மினிமைஸ் பண்ணி அடுத்ததை எடுப்பார். ஸ்க்ரீனைப் பார்க்கக்கூட மாட்டார்.

அன்றைக்கு ஸ்க்ரீனில் ஒன்றுமே இல்லை. மெனு இல்லை, கீழ்ப்பட்டை இல்லை, ஐகான் இல்லை.

"ஏ தம்பி, கடையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டானுவளா?"

"இல்ல அண்ணாச்சி. மௌஸைக் கொண்டுபோய் மேல் மூலையில இடிங்க, எல்லாம் வரும்."

"இடிக்கதுக்கு இது என்ன அரிசியாடே?"

மினிமைஸ் பட்டனைத் தேடினார். அதுவும் இல்லை. கீழே பட்டையே கிடையாது என்றான பிறகு ஜன்னல் எங்கே போய் ஒடுங்கும் என்று அதையும் தூக்கிவிட்டார்கள். தர்க்கம் சரிதான். வாசலை அடைத்துவிட்டால் மிதியடி எதற்கு?

மூன்று நாள் எங்களைக் கேட்டார். நாலாம் நாள் கேட்கவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான். முப்பது வருஷமாக ஆபீஸே அவரிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது இருபத்திரண்டு வயதுப் பையனிடம் அவர் கேட்க வேண்டும். "நீயே போட்டுருடே" என்று வேலையைச் சத்தமில்லாமல் தள்ள ஆரம்பித்தார். ஒருநாள் டீ குடிக்கும்போது, "வி.ஆர்.எஸ். ஃபாரம் நம்மகிட்ட இருக்கா?" என்றார். சும்மா கேட்கிற குரலில்தான்.

க்னோமின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1997-ல் மிகெல் தெ இகாசா, ஃபெதரிகோ மேனா என்ற இரண்டு மெக்ஸிகோ இளைஞர்கள் ஆரம்பித்தது. 2002-ல் க்னோம் 2 வந்தபோது, இருந்த வசதிகளை வெட்டிவிட்டார்கள் என்று ஏகப்பட்ட திட்டு. அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன மாற்றம். எட்டு வருஷம் இப்படியே ஓடியது. கூடவே இருப்பவருக்கு நரைப்பது போல, யாருக்கும் தெரியவில்லை. திட்டியவர்களே அதை வீட்டுப் பிள்ளையாக்கிக் கொண்டார்கள்.

2011 ஏப்ரலில் க்னோம் 3, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றியது. லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்த வருஷம் பகிரங்கமாகச் சண்டை போட்டுவிட்டு 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற நிதானமான டெஸ்க்டாப்புக்குக் குடிபோனார். (பிற்பாடு க்னோமுக்கே திரும்பினார், அது வேறு.) அவருக்கே இந்தக் கதி என்றால் அண்ணாச்சி எம்மாத்திரம்?

மாற்றியவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. யாருமே தாவாமல் இருந்திருந்தால் இன்னும் 1998-ன் ஸ்க்ரீனைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இன்றைக்கு எனக்கும் க்னோம்தான் பிடித்திருக்கிறது. ஒரு கீயைத் தட்டி, இரண்டு எழுத்து அடித்தால் வேண்டியது வந்து நிற்கிறது. ஆனால் நானாக ஆசைப்பட்டுப் பழகியது வேறு; திங்கட்கிழமை காலை வேலை நேரத்தில் அண்ணாச்சி தலையில் கொட்டியது வேறு.

காசு கொடுத்து வாங்கியவர்களும் தப்பவில்லை. 2012-ல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் மெனுவைத் தூக்கியது. அது முறையாகத் திரும்பி வந்தது 2015-ல், விண்டோஸ் 10-ல். அதுவரை கம்பெனி மனசு வைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது.

க்னோம்காரர்கள் காத்திருக்கவில்லை. 2011-லேயே அர்ஜென்டினாவில் ஒருவர் க்னோம் 2-ன் நிரல்களை எடுத்து, 'இதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று தனியாக ஆரம்பித்துவிட்டார். திறந்த நிரல், யாரும் தடுக்க முடியாது. அவர் ஊரில் குடிக்கிற ஒரு மூலிகைப் பானத்தின் பெயரையே வைத்தார்: 'மாத்தே'. நம்ம ஊர்க் காதில் அது 'மாத்தாதே' என்றே விழுகிறது. பொருத்தமான பெயர்.

தென்காசிக்காரர்களுக்கு இது புதிதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்கு ஒரு குறை வந்தால் அதைச் சரி செய்து காப்பவர்களை இப்போதே பணிகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். சிதைந்து நெடுங்காலம் நின்ற ராஜகோபுரம் மறுபடி எழுந்து 1990-ல் கும்பாபிஷேகம் கண்டது. ராஜாவே பின்னால் வரப்போகிற ரிப்பேர்காரனுக்குக் கும்பிடு போட்டிருக்கிறான். திறந்த நிரலின் அடிப்படையும் இந்தக் கும்பிடுதான்.

எங்கள் கம்ப்யூட்டர் தம்பி அண்ணாச்சியின் மெஷினில் மாத்தே போட்டுக் கொடுத்தான். மெனு வந்தது, பட்டை வந்தது. "இப்பத்தான் நம்ம சேர்ல உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். வி.ஆர்.எஸ். பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. 2015-ல் மாலை போட்டு, முறையாக ரிடையர் ஆனார்.

க்னோமிலும் 2013-ல், 3.8 பதிப்பில், பழைய சாயலில் 'கிளாசிக்' என்று ஒரு முகம் வைத்தார்கள். பொங்குமாகடல்தான். என்ன, அருவி கொட்டி இரண்டு வருஷம் கழித்துத் தோண்டினார்கள்.

மத்தளம்பாறைக்கு 2011-ல் ஸோஹோ வந்த பிறகு, உலகம் பார்க்கிற ஸ்க்ரீன்களை இந்தப் பக்கத்துப் பையன்களே வரைகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: தாராளமாக மாற்றுங்கள். ஆனால் பழைய வழியைக் கொஞ்ச நாள் திறந்து வையுங்கள். எந்த ஆபீஸிலும் கேட்கக் கூச்சப்படுகிற ஒரு அண்ணாச்சி இருப்பார்.

பின்குறிப்பாக ஒன்று. க்னோம் 3-ல் மினிமைஸ் பட்டனை அடியோடு அழித்துவிடவில்லை. ஒரு செட்டிங்கில் ஒளித்து வைத்திருந்தார்கள், வேண்டுமென்றால் வரவழைக்கலாம். பிற்பாடு அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வச்சிருக்காம்லா? அப்புறம் எதுக்குடே ஒளிச்சான்?"