எந்த நிறத்துக் கூலன்ட்?

வழக்கமான மொழிப்பாடத்தை விடுத்து இன்று காரைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் ஆசிரியர் அறையில் அடிக்கடி எழும் ஒரு வினாவே காரணம்: "பனியே பெய்யாத சிங்கப்பூரில் கூலன்ட் எதற்கு? குழாய்த் தண்ணீரை ஊற்றினால் போதாதா?"

வினா நியாயமானதே. கூலன்டின் அடிப்படைப் பொருளான எத்திலீன் கிளைக்கால், குளிர்நாடுகளில் உறைதடுப்பானாகவே புகழ்பெற்றது. நீருடன் சரிபாதியாகக் கலந்தால், சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 37 பாகை வரை அது உறையாது. நமக்கு அந்தப் பயன் தேவையில்லை. ஆனால் அதே கலவை 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 107 பாகை வரை தாங்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தேக்குவதால், ஓடும் காரில் அவ்வெல்லை 120 பாகைக்கும் மேலே செல்லும். அதைவிட முக்கியமானது, அதில் கலந்துள்ள துருத்தடுப்பு மருந்து. இன்றைய இயந்திரங்களில் அலுமினியமும் இரும்பும் ஒரே நீர்மத்தில் நனைந்தபடி இருக்கின்றன. வெறும் நீர் அவற்றை மெல்ல அரிக்கும். குழாய்த் தண்ணீர் குடிப்பதற்கு மிகத் தூய்மையானதாயினும், அதிலுள்ள குளோரைடும் தாது உப்புகளும் உலோகத்துக்கு உகந்தவை அல்ல. எனவே காய்ச்சி வடித்த நீரே கலப்பதற்குரியது. நீர் சேர்க்காத தனிக் கூலன்டும் தவறு. வெப்பத்தைச் சுமக்கும் ஆற்றல் நீருக்கே மிகுதி.

இதில் எனக்கு அக்கறை பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஜப்பானியக் கார் 2015இல் பதிவானது. 2025இல் அதன் பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முடியும் வேளையில், காரை அழித்துவிடுவதா, மேலும் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. என் தாயாருக்கு வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு. அது முடிந்து வெளியே வரும்போது பேருந்துக்காக நிற்கும் தெம்பு அவருக்கு இராது. ஆகவே கார் வேண்டும். ஆனால் பெருந்தொகை கட்டிப் புதுப்பித்தபின் இயந்திரம் சூடேறிப் பழுதானால் அத்தனையும் வீண்.

கேலாங்கில் எனக்குத் தெரிந்த மலாய்க்கார மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நான் அவரை 'அபாங்' என்பேன். அவர் என்னை, ஆசிரியரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லால், 'சிக்கு' என்பார். அவர் முதலில் பார்த்தது இயந்திரத்தை அன்று, கூலன்ட் தொட்டியைத்தான். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய நீர்மம் பழுப்பேறிக் கிடந்தது. முன்பு வேறொரு பட்டறையில் பச்சைக் கூலன்டை அதன்மேல் ஊற்றியிருந்தனர். "சிக்கு, போத்தலின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கத்தைப் படியுங்கள்" என்றார் அவர்.

கேலாங் சாலையின் ஒருபுறத்து லோரோங்குகளுக்கு ஒற்றைப்படை எண்கள், மறுபுறம் இரட்டைப்படை. எண்ணைச் சொன்னாலே எப்புறம் என்பது விளங்கிவிடும். கூலன்டின் நிறத்துக்கு அப்படியோர் ஒழுங்கு கிடையாது. நிறம் என்பது சேர்க்கப்பட்ட சாயமே. டொயோட்டாவின் நீண்டகாலக் கூலன்ட் இளஞ்சிவப்பு. வோக்ஸ்வேகனிலும் சிவப்புச் சாயல் கொண்டவை உண்டு. இரண்டின் மருந்தும் வேறு வேறு. ஐரோப்பிய நிறுவனங்கள் பல சிலிக்கேட்டை நாடின. அவர்களின் கடின நீரில் பாஸ்பேட் படிந்து அடைக்கும் என்பது அவர்கள் அச்சம். ஜப்பானிய நிறுவனங்களோ சிலிக்கேட் நீர்ப்பம்பின் அடைப்பு வளையத்தைத் தேய்க்கும் என்று கருதிப் பாஸ்பேட்டைத் தேர்ந்தன. பொருந்தாதவற்றைக் கலந்தால் துருத்தடுப்பின் ஆயுள் குறையும். சில வேளைகளில் கூழ்போலத் திரண்டு ரேடியேட்டரையே அடைக்கும். ஆகவே காரின் கையேடு எந்த வகையைச் சொல்கிறதோ அதுவே உங்களுக்குரிய கூலன்ட்.

அபாங் பழைய நீர்மத்தை வடித்து, காய்ச்சி வடித்த நீரால் இருமுறை கழுவி, கையேட்டில் உள்ள வகையை நிரப்பினார். உப்பியிருந்த ஒரு ரப்பர் குழாயையும் மாற்றினார். பின்னர் அழுத்தச் சோதனை செய்து கசிவில்லை என்று உறுதிசெய்தார். அதன் பிறகே நாங்கள் சான்றிதழைப் புதுப்பித்தோம்.

பராமரிப்பு கடினமன்று. மாதம் ஒருமுறை, இயந்திரம் ஆறியிருக்கும்போது, தொட்டியில் நீர்மட்டம் இரு கோடுகளுக்கிடையே உள்ளதா என்று பாருங்கள். அடிக்கடி குறைந்தால், ஊற்றிக்கொண்டே இராமல் கசிவைத் தேடச் சொல்லுங்கள். சூடான மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். அழுத்தம் விலகியதும் உள்ளிருப்பது கொதித்துப் பீறிடும். துருத்தடுப்பு மருந்து காலப்போக்கில் தீர்ந்துபோவது. பழைய பச்சை வகையை ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். டொயோட்டாவின் இளஞ்சிவப்பு வகைக்கு அதன் கையேடுகள் முதலில் 160,000 கிலோமீட்டரும், அதன்பின் ஒவ்வொரு 80,000 கிலோமீட்டரும் எனக் குறிக்கின்றன. மின்கார் உடையோரும் விலக்கல்லர். பெரும்பாலான மின்கார்களின் மின்கலத்தைக் குளிர்விப்பதும் இத்தகைய நீர்மமே. அதற்குரிய வகையைத் தவிர வேறெதையும் ஊற்றலாகாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தரையில் சிந்தியதைப் பூனை நக்கினால், ஒரு தேக்கரண்டியளவே அதன் உயிரைப் போக்கிவிடக்கூடும். அபாங் தம் பட்டறையில் ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே கழுவிவிடுவது தெருப்பூனைகளுக்காகத்தான். மனித உடலில் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியத்துடன் கூடிப் படிகங்களாகிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். அந்த நஞ்சை அகற்றும் சிகிச்சைகளுள் ஒன்று, என் தாயார் வாரம் மூன்று முறை மேற்கொள்ளும் அதே ரத்தச் சுத்திகரிப்பு. அதன் வேதனையை அருகிருந்து காண்பவன் என்பதால் கேட்டுக்கொள்கிறேன்: மிஞ்சிய கூலன்டைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். அதன் சொந்தப் போத்தலிலேயே, இறுக மூடி, பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்.