நத்தை நடத்திய பாடம்

அறிவியலாளர் ஒருவரின் வரலாற்றைப் படிக்கும்போது, அவருக்கு ஆசானாய் வாய்த்தது எது என்று தேடுவது என் வழக்கம். அமெரிக்க விஞ்ஞானி ஏஞ்சலா பெல்ச்சருக்கு அவ்வாறு வாய்த்தது, அபலோன் என்னும் கடல் நத்தை.

கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில், 1997இல் பெற்ற டாக்டர் பட்டத்திற்காக அவர் ஆராய்ந்தது அந்நத்தையின் ஓட்டைத்தான். ஓடும் சுண்ணாம்புக் கட்டியும் ஒரே பொருள். இரண்டும் கால்சியம் கார்பனேட். கட்டி விரலிடையே நொறுங்குகிறது; ஓடோ எளிதில் உடைவதில்லை. நத்தையின் புரதங்கள் அப்பொருளை நுண்ணிய தகடுகளாக்கி, அடுக்கடுக்காய்ப் பிணைத்துவிடுகின்றன. அதற்கு உலை வேண்டுவதில்லை, கடல்நீரே போதும்.

ஆனால், கணிப்பொறிக்கு வேண்டிய குறைகடத்தியை ஆக்க எந்த நத்தையும் கற்றதில்லையே! இங்கேதான் அவருடைய துணிவு வெளிப்பட்டது. பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் எம்13 என்னும் வைரஸின் மேலுறைப் புரதத்தில் கோடிக்கணக்கான மாறுதல்கள் கொண்ட வகைகளை எடுத்து, குறைகடத்தியைப் பற்றிக்கொள்பவற்றை மட்டும் பொறுக்கினார். அச்செய்தி 2000இல் வெளியாயிற்று. 2009இல் எம்.ஐ.டி.யில் அவரும் உடனுழைத்தோரும், வைரஸ்களைக் கொண்டே மின்கலத்தின் இருமுனைகளையும் உருவாக்கிக் காட்டினர்.

நோய்க்குப் பெயர்போன வைரஸ் இனத்தை வேலைக்கு அமர்த்தியது வியப்புக்குரியதே. எனினும் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. இயற்கையிடமிருந்து பொருளை எடுத்துக்கொள்வோர் பலர். அது பொருளை ஆக்கும் முறையைக் கேட்டறிவோர் சிலரே. உலையும் புகையுமாய் வளர்ந்த நம் தொழில்கள் அந்தச் சிலரின் வழியில் திரும்புமா என்பதில்தான், நாம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் காற்றும் நீரும் அடங்கியிருக்கின்றன.