இடம் மாறிய யானை

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால், உயரமான பீடத்தின் மேல் நிற்கிறது ஒரு வெண்கல யானை. உருவம் சிறியது. கேமராவும் கையுமாக வரும் சுற்றுலாப் பயணிகள் பலரும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ராஃபிள்ஸ் சிலையைத் தேடிப் போய்விடுகிறார்கள். ஆனால் ராஃபிள்ஸுக்கு இடம் விட்டு ஒதுங்கியதே இந்த யானைதான்.

சயாம் மன்னர் சூலலாங்கார்ன் சிங்கப்பூரில் வந்திறங்கியது 1871 மார்ச் 16இல். சயாம் அரசர் ஒருவர் கால் வைத்த முதல் அயல்நாடு இது என்கிறது பீடத்தின் வாசகம். மன்னருக்கு அப்போது வயது 17. ஆட்சி நிர்வாகம் அரசப் பிரதிநிதியிடம் இருந்தது. பிரிட்டிஷாரும் டச்சுக்காரர்களும் தங்கள் காலனிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கக் கிளம்பிய பயணம் அது. அடுத்த ஆண்டே கல்கத்தா, தில்லி, பம்பாய் என்று இந்தியாவையும் சுற்றினார்.

பார்த்தது வீண் போகவில்லை. 1873இல் முழு அதிகாரம் கைக்கு வந்ததும், அரசர் முன் நெடுஞ்சாண்கிடையாக விழும் வழக்கத்தை ஒழித்தார். 1874இல் தொடங்கிய அடிமை ஒழிப்பு 1905இல் முழுமை பெற்றது.

நன்றிப் பரிசாக வந்தவை இரண்டு யானைகள். ஒன்று சிங்கப்பூருக்கு, மற்றொன்று டச்சுக்காரர்களின் பட்டாவியாவுக்கு. இரண்டாவது இன்று ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தின் முன் நிற்கிறது. அந்தக் கட்டடத்தையே மக்கள் ‘கெடுங் கஜா’ என்கிறார்கள். கஜா என்றால் அங்கேயும் யானைதான்.

பரிசும் பணிவும் சயாமை முழுதாகக் காப்பாற்றவில்லை. மீகாங் நதிக்குக் கிழக்கே இருந்த பகுதிகள் 1893இல் பிரான்சுக்குப் போயின. கெடா, கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் மீதான உரிமை 1909இல் பிரிட்டனுக்குப் போனது. ஆனாலும் தென்கிழக்கு ஆசியாவில் ஐரோப்பியக் காலனியாகாமல் தப்பிய ஒரே நாடு சயாம்தான்.

யானை முதலில் நின்றது நகர மண்டபத்தின் முன்னால். 1919இல் சிங்கப்பூரின் நூற்றாண்டு விழாவுக்காக ராஃபிள்ஸ் சிலையை அங்கே கொண்டுவந்தார்கள். யானை, அன்று நீதிமன்றமாக இருந்த பக்கத்துக் கட்டடத்துக்கு நகர்த்தப்பட்டது.

பீடத்தில் ஆங்கிலம், சயாமியம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய் என நான்கு மொழிகள். தமிழ் இல்லை. ராஃபிள்ஸ் வந்த 1819லேயே பினாங்கிலிருந்து நாராயண பிள்ளை வந்துவிட்டார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் எழுந்தது. ஆனாலும் பீடத்தில் தமிழுக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்தக் குறை யானையின் முதுகுக்குப் பின்னால் தீர்ந்தது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோது அந்தக் கட்டடம் நாடாளுமன்றம் ஆயிற்று; தமிழ் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்றாயிற்று. 1999இல் நாடாளுமன்றம் பக்கத்துப் புதிய கட்டடத்துக்கு மாறியது. பழைய கட்டடம் 2004 முதல் கலை மாளிகை. இந்த முறை யானையை யாரும் நகரச் சொல்லவில்லை.