பனிக்கட்டி வீழ்த்திய பாலம்

ஊரிலிருந்து வருவோரை ரொறன்ரோவில் வாழும் நம்மவர்கள் தவறாது அழைத்துச் செல்லும் இடம் நயாகரா. என்னையும் அழைத்துச் சென்றார்கள். எல்லோரும் அருவியைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, எனது பார்வையோ ரெயின்போ பாலத்தின் கால்களை நாடியது. பழைய செய்தியாளனின் குணம் போலும். அதற்கு முன்னர் அங்கு நின்ற பாலத்தின் கதையை நான் படித்திருந்தேன்.

ஐஸ் என்றால், மீன்வாடியில் மரத்தூள் தூவி மூடிவைக்கும் கட்டிதான் எமக்குத் தெரியும். அது உருக்குப் பாலமொன்றை வீழ்த்தும் என்றால் எளிதில் நம்பமாட்டோம்.

1898 இல் திறக்கப்பட்ட அப்பாலத்தை மக்கள் ‘தேனிலவுப் பாலம்’ என்றழைத்தனர். அதன் கால்கள் நீர்மட்டத்திற்கு மிக அண்மையில் ஊன்றப்பட்டிருந்தன. மறுவருடமே பனிக்கட்டிகள் அங்கு ஏறி எச்சரித்தன. கால்களைச் சுற்றி மதில் எழுப்பியதோடு பொறியியலாளர்கள் திருப்தியடைந்தனர். 1938 ஜனவரியில் ஈரி ஏரியில் வீசிய கடுங்காற்று, கட்டிகளை ஆற்றுக்குள் தள்ளியது. அருவியோடு விழுந்த அவை கீழே அடைத்துக்கொண்டு கால்களின்மீது குவிந்தன. 27ஆம் திகதி மாலை பாலம் சரிந்தது. முன்னரே மூடப்பட்டிருந்தமையால் எவரும் இறக்கவில்லை. ஏப்ரலில் பனி உடையும்வரை அதன் சிதைவு அப்பனியின்மீதே கிடந்தது!

என்னை அதிகம் பாதித்தது வேறொரு சம்பவம். அருவியின் கீழே ஆறு உறைந்துவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் அது, ஒன்றோடொன்று ஒட்டிய கட்டிகள் ஓடும் நீரின்மேல் மிதக்கும் தளமே. அதன்மேல் மக்கள் உலாவினர். கொட்டில் போட்டு மதுவும் விற்றனர். 1912 பெப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை, அத்தளம் பிளந்து நகர்ந்தது. தப்பியிருக்கக்கூடிய 17 வயது இளைஞன் ஒருவன், தவித்துநின்ற ரொறன்ரோத் தம்பதியருக்கு உதவத் திரும்பினான். கீழ்ப்புறப் பாலங்களிலிருந்து கயிறுகள் இறக்கப்பட்டன. விறைத்த கைகளுக்குக் கயிறு என்ன செய்யும்? மூவரும் மாண்டனர். அதன்பின்னர் அங்கு நடப்பது தடைசெய்யப்பட்டது.

1941 இல் திறந்த ரெயின்போ பாலத்தின் கால்களை நீர்மட்டத்திலிருந்து சுமார் 15 மீற்றர் உயரத்தில் ஊன்றினர். 1964 முதல், ஏரி ஆறாகும் வாயிலில் குளிர்காலந்தோறும் மிதவை வேலியொன்றும் இடப்படுகிறது. ஏரியின்மேல் பனி நிலைத்து உறைய அது உதவுகிறது. மின்நிலையங்களின் நீர்வாய்கள் அடைபடுவதும் குறைகிறது. பெருங்காற்றில் கட்டிகள் அவ்வேலியை அமிழ்த்திக் கடந்துவிடும். அழுத்தம் குறைந்ததும் அது மீண்டும் மிதந்தெழும். அவ்வாறு அமிழ்ந்துகொடுக்கும்படியே அதனை அமைத்திருக்கிறார்கள்.