ரோட்டிலிருந்து மூன்றடி

பசுவந்தனைப் பக்கம் வீடு கட்டத் தொடங்கினால் கொத்தனார் கேட்கிற முதல் கேள்வி, "ரோட்டுலருந்து எத்தனை அடி தூக்கணும்?" என்பதுதான். பேஸ்மட்ட உயரத்தை மனையின் தரையிலிருந்து இங்கே யாரும் அளப்பதில்லை. ஐப்பசி மழையில் உப்பி, பங்குனி வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிற கரிசல் மண் இது. அடித்த முளைக்குச்சி ஆறு மாதம் கழித்து அதே உயரத்தில் இருக்கும் என்று எந்தக் கொத்தனாரும் நம்ப மாட்டார். அதனால் தார்ரோட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். ரோடும் சும்மா இருப்பதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனால், வாசற்படி ரோட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கிப்போன வீடுகள் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் உண்டு.

கட்டட வேலைக்குள் லேசர் லெவல் எப்படி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். கோவில்பட்டியிலிருந்து தென்கிழக்கே, பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிற மானாவாரிப் பூமி. கைலாசநாதர் கோயிலைத் தாண்டி, ஊர்க்கோடியில் ஒரு வீடு. முன்பகுதி பூச்சு முடிந்து டைல்ஸுக்குக் காத்திருந்தது. பின்னால் கூடுதலாக எடுத்த இரண்டு அறைகளுக்கு அப்போதுதான் பேஸ்மட்டம் எழும்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் செல்போனில் ஒரு படம் அனுப்பி, "பதினாறு கோடு விழுற லேசர்ப்பா, வாங்கி அனுப்பவா?" என்று கேட்டிருக்கிறான். அதை வாங்குவதா வேண்டாமா என்பதுதான் அன்றைக்கு அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு.

மேஸ்திரிக்கு அறுபதை ஒட்டிய வயது. அவருடைய மட்டச் சாமான்கள் ஒரு சிமெண்டுச் சாக்குக்குள் அடங்கிவிடும்: தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், நூல்கண்டு, பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் கண்ணாடி மாதிரி ட்யூப் ஒன்று. ட்யூப் மட்டத்தைப் போல நேர்மையான கருவி இன்னொன்று இல்லை என்பது என் கட்சி. தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் நிற்கும். அதற்கு பேட்டரி வேண்டாம், வெயில் பொருட்டில்லை, சுவர் மறைத்தாலும் சுற்றிக்கொண்டு போகும். ஆனால் இரண்டு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். ஒருவர் பழைய குறியில் ட்யூபைப் பிடித்துக்கொள்ள, மேஸ்திரி மறுமுனையின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தபடி புது இடத்துக்கு நடந்தார். சுவரோடு ஒட்டிப் பிடித்து விரலை எடுத்தார். தண்ணீர் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கியது. "ஏத்து... இன்னும் கொஞ்சம்... நில்லு." குறி போடப் போகும் நேரம் பார்த்துத் தண்ணீர் துள்ளியது. "ஏ தாயி, ட்யூப்ப மிதிக்காத!" கலவைச் சட்டியோடு போன சித்தாள் காலை எடுத்தார். ட்யூபுக்குள் எங்காவது காற்றுக்குமிழ் நின்றுவிட்டால் மட்டம் பொய் சொல்லும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அவர் ட்யூப் முழுவதையும் விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டே போகிறார்.

டைல்ஸ் ஒட்டும் தம்பி இளவட்டம். பைக்கின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் 12 கோடு விழும் பச்சை லேசர். ஹாலின் நடுவில் ஸ்டாண்டை விரித்து, பெட்டியை மாட்டி, பூட்டைத் திறந்தார். சுவரில் விழுந்த கோடு ஓரிரு நொடி ஊசலாடி நின்றது. உள்ளே லேசர் முனைகள் ஒரு ஊசலில் தொங்குகின்றன. காந்தம் அதன் ஆட்டத்தை அடக்குகிறது. ஸ்டாண்டு 3, 4 டிகிரி வரை சாய்ந்திருந்தாலும் கோடு நேராகிவிடும். அதற்கு மேல் சாய்ந்தால் கோடு மின்னிக் காட்டிக்கொடுக்கும். தனி ஆளாக, அறை முழுக்க மட்டக்கோடு போட அவருக்கு ஆன நேரத்தில் மேஸ்திரியின் ட்யூபில் குமிழ் பார்த்துக்கூட முடித்திருக்க முடியாது.

வெளியே பேஸ்மட்டத்துக்கு அதே பெட்டியைக் கொண்டுவந்து வைத்தபோது கதை மாறியது. முற்பகல் வெயில். கோடு எங்கே விழுகிறது என்று இரண்டு கையாலும் நிழல் கட்டித் தேட வேண்டியிருந்தது.

"வெயில்ல செத்துப்போற சாமான் எனக்கெதுக்கு தம்பி?" என்றார் மேஸ்திரி.

"டிடெக்டர் வச்சா வெயில்லயும் பிடிக்கும் அண்ணாச்சி. என் பெட்டில அந்த பல்ஸ் மோடு கிடையாது."

இங்கேதான் வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கோட்டை உணர்ந்து 'கீ' என்று கத்துகிற டிடெக்டர் தனியாகக் கிடைக்கும். ஆனால் கோட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கில் விட்டுவிட்டு அனுப்புகிற பல்ஸ் வசதி பெட்டியிலேயே இருந்தால்தான் அதனால் பயன். வெளிவேலைக்கு லேசர் வேண்டுமானால் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. எத்தனை கோடு என்பது அப்புறம்தான். அஸ்திவாரம், காம்பவுண்டுச் சுவர் என்று பெரிய பரப்பில் வேலை செய்கிற காண்ட்ராக்டர் சுழலும் லேசரோ, கண்ணால் பார்க்கிற ஆட்டோ லெவலோ வைத்துக்கொள்வார். ஒற்றை வீட்டுக்கு மேஸ்திரியின் ட்யூபே போதும்.

பச்சையா சிவப்பா என்பதற்குப் பதில் நம் கண்ணில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் கண் மிக நன்றாக உணர்வது 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சையை. லேசர்ப் பச்சை 520 பக்கம், சிவப்பு 635 பக்கம். ஒரே சக்தியில் பச்சை மூன்று நான்கு மடங்கு பளிச்சென்று தெரியும். ட்யூப்லைட் எரிகிற அறைக்குள் இது பெரிய வித்தியாசம். பேட்டரி கூடுதலாகத் தின்னும் என்பதுதான் குறை. அந்தக் காலப் பச்சைகள் அகச்சிவப்பைப் படிகங்கள் வழியாக மாற்றிப் பச்சையாக்கியவை, சூட்டில் தடுமாறும். இப்போது வருகிற நேரடிப் பச்சை டயோடு அந்த அளவுக்குப் படுத்துவதில்லை. கோவில்பட்டி வெயிலுக்கு அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

கோடுகளின் கணக்கைத் தம்பி விளக்கினார். 12 கோடு என்றால் மூன்று முழு வட்டம்: கிடையாக ஒன்று, தூக்காக இரண்டு. 16 என்றால் தரையை ஒட்டி இன்னொரு கிடைவட்டம் சேரும். தரை டைல்ஸுக்கு அது சௌகரியம். ஜிப்சம் சீலிங் போடுகிறவருக்கு நான்கு சுவரும் சுற்றி வருகிற ஒரு வட்டம் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கிச்சன் கப்போர்டு மாட்டும் ஆசாரிக்கு ஒரு கிடைக்கோடும் ஒரு தூக்குக்கோடும் போதும். வீட்டுக்காரர்கள் கோட்டின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவதைப் போல வேலைக்காரர்கள் மயங்குவதில்லை. போஷ், டீவால்ட், ஸ்டான்லி என்று பெயர் பெற்றவையும் இருக்கின்றன, பெயர் தெரியாத பெட்டிகளும் குவிந்து கிடக்கின்றன. தம்பி இரண்டு வகையும் வைத்துப் பார்த்தவர். "பேரு எதுன்னாலும் வாங்கின அன்னைக்கே சோதிச்சிரணும் சார்" என்று ஆரம்பித்தவர், சொல்வதோடு நிற்காமல் செய்தே காட்டினார்.

5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர். முதல் சுவரை ஒட்டிக் கருவியை வைத்து, கோடு விழுகிற உயரத்தை அதில் பென்சிலால் குறித்தார். கருவியை அப்படியே திருப்பி எதிர்ச் சுவரில் ஒரு குறி. பிறகு கருவியை எதிர்ச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய், அங்கே போட்ட குறியில் கோடு சரியாக விழுகிற மாதிரி ஸ்டாண்டை ஏற்றி இறக்கி நிறுத்தினார். மறுபடி திருப்பி முதல் சுவரைப் பார்த்தார். பழைய குறிக்கும் இப்போது விழுகிற கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அதுதான் கருவியின் பிழை, இரட்டிப்பாகத் தெரிகிறது. மீட்டருக்கு 0.3 மில்லி பிழை என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் இங்கே 3 மில்லிக்குள் இருக்க வேண்டும். அவருடையது 2 மில்லி காட்டியது. தூக்குக்கோட்டை மேஸ்திரியின் தூக்குக்குண்டோடு ஒட்டிப் பார்த்தார். நூலும் ஒளியும் ஒன்றாக விழுந்தன. கடைக்காரர் இந்தச் சோதனைக்கு இடம் கொடுக்கவில்லையென்றால் அந்தக் கடையில் வாங்காமல் இருப்பது உத்தமம்.

இன்னொன்றும் சொன்னார். பெட்டியைத் தூக்குமுன் ஊசலைப் பூட்டியாக வேண்டும். பூட்டாமல் பைக்கில் வைத்து ஒரு குழியில் இறக்கினாலும் உள்ளே தொங்குகிற முனை முட்டி மட்டம் கெட்டுப்போகும். கூடவே தருகிற கலர்க் கண்ணாடி கோடு எடுப்பாகத் தெரிவதற்கு, கண்ணைக் காப்பதற்கல்ல. 2-ம் வகுப்பு லேசர் என்றால் 1 மில்லிவாட்டுக்குள். தற்செயலாகப் பட்டால் இமை தானாக மூடிக் காப்பாற்றும், பிள்ளைகள் உற்றுப் பார்த்து விளையாடினால் காப்பாற்றாது.

இதற்குப் பிறகுதான் அன்றைய சண்டை. முன்வீட்டுச் சுவர்களில் பங்குனியில் மேஸ்திரி ட்யூப் வைத்துப் போட்ட மட்டக்கோடு இருந்தது, தரைமட்டத்துக்கு மூன்றடி மேலே. தம்பியின் பச்சைக் கோடு மூன்று மூலையில் அதோடு பொருந்தியது. வடகிழக்கு அறையின் மூலையில் மட்டும் மேஸ்திரியின் கோடு 8 மில்லி மேலே நின்றது. "ட்யூப்ல குமிழ் நின்னுருக்கும் அண்ணாச்சி" என்று தம்பி மரியாதையாகத்தான் சொன்னார். மேஸ்திரிக்கு முகம் கடுத்துவிட்டது. "கிணத்துலருந்து எடுப்போம் வா" என்றார்.

மனைக்குப் பின்னால் கமலை இறைத்த காலத்துக் கிணறு ஒன்று இருக்கிறது. தண்ணீர் இல்லை. ஆனால் அதன் கல்கட்டு அடிப்பாறையிலிருந்து எழும்பி நிற்கிறது. அதன் ஒரு கல்லில் உளியால் கொத்திய விரற்கடை நீளக் கோடு. கட்டடத்தின் எல்லா உயரமும் அந்தக் கல்லிலிருந்துதான் எடுத்தவை. ரோடு மூன்றடி என்று வீட்டுக்காரரிடம் பேசிய பேச்சை மேஸ்திரி முதல் நாளே கிணற்றுக் கல்லுக்கு மாற்றிவைத்திருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுத்து அவர் இதைச் செய்யவில்லை. கரிசலில் அசையாத பொருள் எது என்று தேடிக் கண்டுபிடித்ததுதான் அந்தக் குறி. எனக்கு அங்கே பார்த்ததிலேயே பெரிய விஷயம் அதுவாகத்தான் பட்டது.

வெயில் தாழ்ந்ததும் தம்பி லேசரைக் கிணற்றுக்கும் அந்த மூலைக்கும் சரிபாதித் தூரத்தில் வைத்தார். இரண்டு பக்கமும் தூரம் சமமாக இருந்து, பெட்டியின் ஒரே முகத்தைத் திருப்பிப் பார்த்தால் கருவியின் பிழை தன்னைத்தானே கழித்துக்கொள்ளும். சர்வேயர்கள் காலங்காலமாகச் செய்வது. இந்த முறை ட்யூபையும் சேர்த்துப் பிடித்தார்கள். இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின: பங்குனியில் சரியாகப் போட்ட கோடு, சுவரோடு சேர்ந்து 8 மில்லி ஏறியிருக்கிறது.

காரணம் அந்த மூலைக்கு வெளியே நின்றது. க்யூரிங்குக்கு வைத்த தண்ணீர்த் தொட்டி. மாதக்கணக்காக வழிந்த தண்ணீர் அஸ்திவாரத்துக்கடியில் போயிருக்கிறது. கரிசலில் இருக்கும் மாண்ட்மோரில்லனைட் என்னும் களிமண் கனிமத்தின் அடுக்குகளுக்குள் தண்ணீர் புகுந்தால் மண் பருக்கும். மொத்த வீடும் ஒன்றுபோல ஏறி இறங்கினால் சுவருக்குச் சேதமில்லை. ஒரு மூலை மட்டும் ஏறினால் ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக ஓடும். மயிரிழையில் ஒன்று ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. இந்த மண்ணுக்கென்றே அடியில் புடைத்த அண்டர் ரீம்டு பைல் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. ஈரம் ஏறி இறங்குகிற மேல்மண்ணைத் தாண்டி, மூன்றரை மீட்டர் ஆழத்துக்காவது குழியிறக்கி, மேலே கிரேடு பீமில் சுவரைத் தாங்குவது அந்த முறை. முன்வீட்டுக்கு அதெல்லாம் செலவு என்று நான்கடியில் கல் அஸ்திவாரம் போட்டு நிறுத்திவிட்டார்கள். பின்கட்டுக்கு மேஸ்திரி பிடிவாதம் பிடித்து, கரிசலை அள்ளிவிட்டுச் சுக்கான் தட்டுகிறவரை தோண்டி, சரள் போட்டு ஏற்றியிருக்கிறார்.

அன்றைக்கே தொட்டியை நகர்த்தினார்கள். வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் வாட்டம் வைத்து மூன்றடி அகலத்துக்குச் சுற்றுத்தளம் போடுவது என்று பேசி முடிந்தது. மகனுடைய பதினாறு கோட்டை வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். டைல்ஸ்காரரும் சீலிங்காரரும் அவரவர் பெட்டியோடுதான் வருகிறார்கள். அவருக்கு வேண்டியது அந்த மூலையை அவ்வப்போது பார்க்க ஒரு கிடைக்கோடு, ஒரு தூக்குக்கோடு, கூடவே நல்ல ஸ்டாண்டு. அதையும் இரண்டு சுவர்ச் சோதனை செய்து பார்த்து, தம்பியே கோவில்பட்டியில் வாங்கித் தருவதாக ஏற்பாடு.

புதுமனைபுகுவிழா தையில். மற்ற அறைகளுக்கு டைல்ஸ் மறுநாளே ஆரம்பம். வடகிழக்கு அறைக்கு மட்டும் இப்போதைக்குச் சிமெண்டுத் தரை. மழை ஓய்ந்து மண் காய்ந்ததும் கிணற்றுக் கல்லிலிருந்து மறுபடி மட்டம் எடுப்பார்கள். 8 மில்லி குறைந்தோ, அப்படியே நின்றோ இருந்தால் ஒட்டலாம். கூடியிருந்தால் கோவில்பட்டியிலிருந்து இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேஸ்திரி ட்யூபைச் சுருட்டத் தொடங்கினார்.