மகள் வழி நின்ற பட்டம்

பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் படித்த சரித்திரத்தில் பெண்ணுக்கு அரியணை கிடையாது. சாலிக் சட்டம் என்பார்கள். ஸ்காட்லாந்தின் சதர்லாந்து பிரபு வம்சத்தில் கதை வேறு. 1766-இல் தாய் தந்தை இருவரும் இறந்தபோது எலிசபெத்துக்கு ஒரு வயது. ஆண் உறவினர்கள் பட்டம் தங்களுக்கே என்று வழக்காடினார்கள். 1771-இல் பிரபுக்கள் சபை குழந்தைக்கே உரிமை என்றது.

1785-இல் அவரை மணந்த ஆங்கிலேயச் செல்வர், 1833-இல் டியூக் ஆனார். அந்தப் புதுப் பட்டம் ஆண் வாரிசுக்கு மட்டும். 1963-இல் ஐந்தாம் டியூக் பிள்ளையில்லாமல் இறந்தார். டியூக் பட்டம் தூரத்து ஆண் உறவினருக்குப் போயிற்று. பழைய பட்டமும் டன்ராபின் கோட்டையும் தம்பி மகளுக்கு வந்தன.

வாரிசுச் சான்றிதழில் மகள் பெயரை விட்டுவிடக் கேட்டு என் மேசைக்கு வந்தவர்கள் பலர். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம்.